மூளைக் காய்ச்சலும் முதுகு நீர்ச் சோதனையும்

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்பின் இரண்டு வைத்தியசாலைகளில் சிசேரியன் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற 5 தாய்மார், வீடு திரும்பும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக நோயுற்றனர். ஐவரும் அதுவரை நல்ல சுகதேகிகள். சத்திரசிகிச்சையின்போது முதுகில் ஊசி ஏற்றி, இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்திருந்தார்கள். சில நாட்களில் தலைவலி, காய்ச்சல், கழுத்தைக் குனிய முடியாத இறுக்கம் என்று தொடங்கியது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகளில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்பதை வைத்தியர்கள் விளங்கிக்கொண்டனர். இத்தகைய அழற்சிக்குப் பெரும்பாலும் பற்றீரியாக்களே காரணம் என்பதால், அவற்றைக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தனர். நோய் அசையவில்லை.

கடைசியில் காரணம் தெரிய வந்தது. அது பற்றீரியா இல்லை. அஸ்பர்ஜிலஸ் என்னும் பங்கசு. ஈரமான இடங்களிலும் உக்கும் பொருட்களிலும் வளர்ந்து, காற்றில் எங்கும் மிதந்து திரிகிற சாதாரணப் பூஞ்சணம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் வந்து குவிந்த மருத்துவப் பொருட்களின் நெருக்கடியில், ஈரப்பதம் மிகுந்த களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த ஊசிக் குழல்கள் மீது சந்தேகம் விழுந்தது. உண்மை தெரிவதற்குள் முதல் 3 தாய்மாரையும் காப்பாற்ற முடியாமல் போனது. பின்னர் நோயுற்ற இருவருக்குப் பங்கசுவுக்கான மருந்து முன்கூட்டியே தொடங்கப்பட்டது. அவர்கள் பிழைத்தார்கள்.

ஐவருக்கும் ஒரே நோய், ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே மாதம். இருவரை மற்ற மூவரிடமிருந்து பிரித்தது, எந்தக் கிருமி என்று காலத்தோடு தெரிந்துகொண்ட ஒன்றுதான். மூளைக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் நோயைப் பற்றி நமது வீடுகளில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியதும் இதுவே. அது ஒரு நோயின் பெயர் அல்ல; பல நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். மண்டையோட்டுக்குள் மூளையை மூன்று சவ்வுகள் சுற்றியிருக்கின்றன. வெளியே தடித்த வன்தாயி, நடுவில் சிலந்தி வலை போன்ற ஒன்று, மூளையோடு ஒட்டியபடி மெல்லிய மென்தாயி. உயர்தர உயிரியல் படிக்கும் தங்கைகளுக்கு இந்தப் பெயர்கள் விசித்திரமாகத் தெரிந்திருக்கும். சவ்வுக்கும் தாய்க்கும் என்ன தொடர்பு? லத்தீனில் ‘மாதர்’ என்றால் தாய். தமிழ்க் கலைச்சொல் அங்கிருந்து வந்தது. ஆனால் லத்தீன்காரரும் அதைச் சொந்தமாக உண்டாக்கவில்லை. மத்திய காலத்தில் அரபு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தவர்கள், அரபு வைத்தியர்கள் வழங்கிய ‘உம்முத் திமாஃக்’, அதாவது மூளையின் தாய், என்ற சொல்லை அப்படியே லத்தீனுக்கு மாற்றினார்கள். நாம் வீட்டில் உம்மா என்று கூப்பிடுகிறோமே, அந்த ‘உம்மு’தான் உலகத்து மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் மூளையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது.

நடுச் சவ்வுக்கும் மென்தாயிக்கும் இடையில் தெளிந்த நீர் போன்ற ஒரு பாய்பொருள் ஓடுகிறது. மூளையைச் சுற்றி, முண்ணாணைச் சுற்றி, முதுகின் அடிவரை அது இறங்குகிறது. வளர்ந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் இருக்கும். ஆனால் உடல் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றர் அளவில் அதை உற்பத்தி செய்கிறது. பழையது உறிஞ்சப்பட, புதியது ஊறிக்கொண்டே இருக்கும். இந்த எண்களை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சவ்வுகளில் கிருமி புகுந்தால் மென்சவ்வழற்சி. மூளையின் திசுவிலேயே புகுந்தால் மூளையழற்சி. முதலாவதில் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை முந்தி வரும். இரண்டாவதில் வலிப்பு, பிதற்றல், ஆள் அடையாளம் தெரியாமை, நடத்தை மாறுதல் முந்தி வரும். பல நேரங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, பெரும்பாலும் இருக்காது. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வழக்கமில்லாத கீச்சுக் குரலில் அழுவது, உச்சிக்குழி மேலெழும்பி நிற்பது, இவைதான் அவர்களுடைய மொழி.

இனி, யார் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்த்தால், பட்டியல் நீளமானது. பற்றீரியாக்களில் நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் என்று சுருக்கிச் சொல்லப்படும் ஹீமோபிலஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. பிறந்த குழந்தைகளுக்கு வேறு சில. இவை மணிக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடியவை. பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேளாமற் போகும். காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும் பிள்ளையை, எண்ணெய் விட்டுப் பஞ்சை வைத்து மாதக் கணக்கில் வீட்டில் வைத்திருப்பவர்கள் இதை அறிய வேண்டும். நடுக்காதுக்கும் மூளைக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஓர் எலும்புத் தகடு மட்டுமே.

காசநோய்க் கிருமி வேறு விதம். அவசரப்படாது. ஒரு வாரம் லேசான காய்ச்சல், பசியின்மை, சிடுசிடுப்பு. அடுத்த வாரம் தலைவலி, வாந்தி. அதற்கடுத்த வாரம் மயக்கம். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பும் வீடுகளில், பெரியவர் ஒருவருடைய நீண்ட நாள் இருமல் சின்னப் பிள்ளையின் மூளை வரை போகும் வழி இதுதான். பிறந்தவுடன் போடும் பீ.சீ.ஜீ. ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வரும் காசநோய் மென்சவ்வழற்சியைத் தடுப்பதில் அது நல்ல பயன் தருகிறது. தோளில் உள்ள அந்தச் சின்னத் தழும்பின் பெறுமதி அது.

வைரசுகள் உண்டாக்கும் மென்சவ்வழற்சி பெரும்பாலும் தானாகவே தணியும். மூளையழற்சி அப்படியல்ல. வாயோரம் கொப்புளம் போட வைக்கும் ஹெர்ப்பீஸ் வைரசு, மிக அரிதாக, மூளையின் பக்கப் பகுதியைத் தாக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசும், இல்லாத வாசனை வருகிறது என்று சொல்லும், தாயையே யாரென்று கேட்கும். நமது சமூகத்தில் இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான நாள் தொலைகிறது. ஜின் பிடித்திருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்ல, ஓதிப் பார்க்க ஒருவரைத் தேடிப் போகிறார்கள். ஓதுவதை எந்த வைத்தியரும் தடுக்கவில்லை. கட்டிலருகில் இருந்தும் ஓதலாம், 1990ஐ அழைத்து வருகிற சுவசெரிய அம்புலன்ஸிலும் ஓதிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த வைரசுக்கு அசிக்லோவிர் என்றொரு மருந்து இருக்கிறது. அதை எவ்வளவு முந்தி ஏற்றுகிறார்களோ அவ்வளவுக்கு மூளை மிஞ்சும். நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அறியாத வீடு நம்மிடையே இல்லை.

இலங்கையில் மூளைக் காய்ச்சல் என்ற சொல்லையே பரவலாக்கியது யப்பான் மூளையழற்சி. 1985, 86ஆம் ஆண்டுகளில் அநுராதபுரப் பகுதியில் அது முதன்முறையாகப் பெரிய அளவில் வெடித்தது. 300க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1987, 88இல் மறுபடி, இன்னும் பெரிதாக வந்தது. அந்த இரண்டாவது பரவலை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரசைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்ற நம் நாட்டு வைரசு ஆய்வாளர் மலிக் பீரிஸ்.

கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இந்த வைரசு இருக்கிறது. நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு அதைப் பன்றிகளுக்குக் கொண்டுபோகிறது. பன்றியின் இரத்தத்தில் வைரசு பன்மடங்காகிறது. அங்கிருந்து நுளம்பு வழியாக மனிதனுக்கு. மனிதனோடு அது முடிந்துவிடும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நீர்ப்பாசனத்தால் வயல்கள் விரிந்த பகுதியில் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டபோது, இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

“நாங்கள் பன்றி வளர்ப்பதில்லையே, எங்களுக்கு ஏன் அந்த ஊசி?” என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நுளம்பு இரண்டொரு கிலோமீற்றர் பறக்கும். எந்த வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டுக் கடிப்பதில்லை. நமது பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும் கெக்கிராவை, ஹொரவப்பொத்தானை, புத்தளம் எல்லாம் வயலும் குளமும் உள்ள ஊர்கள்தான். தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது என்பது உண்மை. அப்படி வந்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் முழுதும் கை கால் விளங்காமலோ புத்தி மந்தமாகவோ இருக்க நேரும். இதற்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை. 1988இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம்தான் அநுராதபுரத்தின் அந்த நாட்களைப் பழங்கதையாக்கியது. இப்போது ஒரு வயதுப் பிள்ளைக்குக் கிளினிக்கில் இலவசமாகப் போடுகிறார்கள். ஹிப் கிருமிக்கான மருந்து 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அடங்கியிருக்கிறது. இந்த ஐந்து நோய் ஊசி 2008இல் அறிமுகமாகி, சில மாதங்களில் குழந்தைகளின் இறப்புச் செய்திகளால் நிறுத்தப்பட்டு, விசாரணைகளுக்குப் பின் 2010இல் திரும்ப வந்தது. அந்தக் காலத்துப் பயம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்ற பாதிச் செய்தி மட்டும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மெனிங்கோகொக்கஸ் நமக்கு இன்னொரு வழியில் சொந்தம். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் அது ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் பயணம் செய்தது. அதற்குப் பின்னர் சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அந்த ஊசி அன்றைய வகைகளையே தடுத்தது; 2000, 2001ஆம் ஆண்டுகளில் டபிள்யூ 135 என்ற வேறொரு வகை கிளம்பிவிட்டது. 2002 முதல் ஏ, சீ, டபிள்யூ, வை என்ற நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கேட்கப்படுகிறது. புறப்படும் தினத்தன்று போட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். 2024இல் கூட உம்ரா சென்று வந்த சிலருக்கும் அவர்களது வீட்டாருக்கும் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளில் இந்நோய் கண்டது. தடுப்பூசி விபரம் தெரிந்தவர்களில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை.

‘அவர்களது வீட்டாருக்கும்’ என்பதைக் கவனியுங்கள். பத்தில் ஒருவர் அளவில் இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் திரிவார்கள். இருமல், தும்மல், நெருங்கிய மூச்சு, ஒரே கோப்பை ஆகியவற்றின் வழியாக அது மற்றவருக்குப் போகும். நெரிசல் அதற்குப் பிடித்தமானது. 2023 ஓகஸ்டில் காலிச் சிறைச்சாலையில் இதே கிருமி இரண்டு கைதிகளின் உயிரைக் கொண்டுபோனபோது, பார்வையாளர்களை நிறுத்திச் சிறையையே தனிமைப்படுத்த நேர்ந்தது. ஊசியின் அட்டையை விமான நிலையத்துக்கான ஒரு கடதாசியாக மட்டும் நினைக்கும் உம்ரா பயணிகள், வீட்டில் காத்திருக்கும் பேரப்பிள்ளையையும் சேர்த்து நினைப்பது நல்லது. இக்கிருமி இரத்தத்தில் பரவினால் தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடிக் கோப்பையை அழுத்திப் பார்த்தாலும் மறையாது. நமது நிறத்தில் அவை சட்டென்று தெரிவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள்.

கேரளத்தில் குளத்தில் முங்கிக் குளித்த பிள்ளைகளுக்கு மூக்கின் வழியாக மூளைக்கு ஏறும் அமீபா அண்மை ஆண்டுகளில் பெரிய செய்தியாக இருந்தது. அது மிக அரிது. சொல்ல வந்த காரணம், பற்றீரியா, வைரசு, பங்கசு, அமீபா எது வந்தாலும் வாட்டுக்கு வரும் பிள்ளை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும் என்பதே. ஒன்றுக்குப் பென்சிலின் வகை, ஒன்றுக்கு அசிக்லோவிர், ஒன்றுக்கு ஒரு வருடம் வரை காசநோய் மருந்து. எதைக் கொடுப்பது?

அதற்குத்தான் முதுகு நீர். 1891இல் ஜேர்மனியில் ஹைன்ரிக் குவின்கே என்ற வைத்தியர் செய்துகாட்டிய முறை, அடிப்படையில் இன்றும் அதுவே. பிள்ளையை ஒருக்களித்து, முழங்கால் நெஞ்சில் படும்படி வளைத்துப் படுக்க வைத்து, இடுப்பருகே இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில மில்லிலீற்றர் நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். நல்ல நீர் குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பற்றீரியா என்றால் பல வேளைகளில் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி வரும். அதைக் கண்ட மாத்திரத்தில் வைத்தியருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆய்வுகூடத்தில் வெண்கலங்களை எண்ணுவார்கள். நியூட்ரோபில் வகை நிறைய இருந்து, குளுக்கோசு குறைந்து, புரதம் ஏறியிருந்தால் பற்றீரியா. லிம்போசைட் வகை மிகுந்து குளுக்கோசு குறையாதிருந்தால் வைரசு. லிம்போசைட்டும் மிகுந்து குளுக்கோசும் குறைந்திருந்தால் காசநோயையோ பங்கசையோ தேட வேண்டும். குளுக்கோசை இரத்தத்தின் அளவோடு ஒப்பிட வேண்டியிருப்பதால், அதே நேரத்தில் கையிலிருந்தும் இரத்தம் எடுப்பார்கள். ஏன் மறுபடி குத்துகிறார்கள் என்று கோபிக்க வேண்டாம். பிறகு கிருமியை வளர்த்துப் பார்ப்பது, பீ.சீ.ஆர்., யப்பான் மூளையழற்சிக்கான எதிர்ப்புடல் சோதனை என்று அந்தச் சில துளிகள் பல மேசைகளுக்குப் போகும்.

இந்த விதிகள் எல்லா நேரமும் நேர்கோட்டில் நடப்பதில்லை. 2005இல் அந்தத் தாய்மாருக்கு நியூட்ரோபில் மிகுந்திருந்ததால்தான் பற்றீரியா என்று எண்ண வேண்டி வந்தது. நீரில் பற்றீரியா எதுவும் வளராததும், மருந்துக்கு நோய் அசையாததும் சேர்ந்துதான் வேறு கிருமியைத் தேட வைத்தன.

வாட்டில் “முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்” என்றதும் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். கால் விளங்காமற் போய்விடும் என்பது பரவலான பயம். வளர்ந்தவரில் முண்ணாண் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்குக் கீழே, நான்காவதுக்கு மேலோ கீழோ. அங்கே முண்ணாண் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே, அவை ஊசிக்கு விலகிக்கொள்ளும். குழந்தைகளில் முண்ணாண் சற்றுக் கீழிறங்கி இருக்கும் என்பது வைத்தியருக்குத் தெரியும். எடுத்த நீர் எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறும் என்பதை முன்னர் சொன்ன எண்களிலிருந்து நீங்களே கணக்கிடலாம். ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. ஓரிரு நாள் தலைவலியோ முதுகு நோவோ இருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. அந்த 5 தாய்மாருக்கும் முதுகு ஊசி வழியாகத்தானே நோய் வந்தது? ஆம். அங்கே ஈரக் களஞ்சியத்தில் கெட்டுப்போன ஒரு பொருள் வழியாகக் கிருமி உள்ளே போனது என்றுதான் கருதப்பட்டது. அது பொருட்களைப் பேணுவதில் நேர்ந்த பிழை, அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் காரணத்தைத் தேட வழி காட்டியதும் முதுகு நீர்தான். அந்தச் சோதனையை மறுத்திருந்தால் எஞ்சிய இருவருக்கும் மருந்து எதுவென்று தெரிந்திருக்காது.

ஸ்கேன் எடுத்தால் போதாதா என்பார்கள். மென்சவ்வழற்சியில் சீ.ரீ. ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மயக்கம் ஆழமாக இருந்தாலோ, ஒரு பக்கம் கை கால் சோர்ந்திருந்தாலோ, மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அப்படியானால் முதுகு நீரைத் தள்ளிப் போடுவார்கள், மருந்தைத் தள்ளிப் போடமாட்டார்கள்.

இதில் தாய்மாருக்கு ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. பிள்ளையோடு வாட்டில் நிற்பவர் உம்மா. வாப்பா கடையிலோ கட்டாரிலோ இருப்பார். “அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்” என்று ஒரு இரவு போகும். பற்றீரியா மென்சவ்வழற்சியில் ஒரு இரவு மிக நீண்டது. இதை வாசிக்கும் வாப்பாமார் இன்றே, எல்லோரும் சுகமாக இருக்கும்போதே, “பிள்ளைக்கு அவசரமென்றால் வைத்தியர் சொல்வதைக் கேட்டு நீயே கையெழுத்துப் போடு” என்று வீட்டில் சொல்லி வைக்கலாம்.

வைத்தியசாலைக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் போங்கள். எந்த ஊசி போட்டது, எது விடுபட்டது என்று அதில் இருக்கும். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, வலிப்பு எத்தனை நிமிடம், காதில் சீழ் உண்டா, வீட்டில் யாருக்கும் நீண்ட நாள் இருமல் உண்டா, எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள், யாராவது உம்ராவிலிருந்து வந்தார்களா என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லுங்கள். முக்கியமாக, மருந்துக் கடையில் வாங்கிய அல்லது போன மாதம் மிஞ்சிக் கிடந்த நுண்ணுயிர்க்கொல்லி எதையும் கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். சரியான மருந்து ஏறினால் மெனிங்கோகொக்கஸ் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே முதுகு நீரிலிருந்து மறைந்துவிடக்கூடும். அரைகுறை அளவிலான மாத்திரையோ நோயையும் தீர்க்காது, ஆய்வுகூடத்தில் கிருமி வளரவும் விடாது. வெறுமையான அறிக்கையை வைத்துக்கொண்டு வைத்தியர் தடுமாறுவதற்கு அந்த இரண்டு மாத்திரைகள் போதும். பெயர் தெரியாவிட்டால் மாத்திரைப் பட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.